ப்ளேலிஸ்ட்டை விடுங்கள், லேபிளைப் பிடியுங்கள்

இணையத்தில் கிடைக்கும் ஆம்பியன்ட் (பெரும்பாலும் பாட்டும் தாளமும் இல்லாமல் சூழலோடு கலந்து ஒலிக்கும் இசை), எலெக்ட்ரானிக் இசை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எங்கள் இசைப் பகுதியினர் பதில் தருகிறார்கள்.

யூடியூபில் ‘ஆம்பியன்ட்’ என்று தேடினால் ‘ஆழ்ந்த உறக்கத்துக்கு 10 மணி நேர இசை’ என்றே வந்து நிற்கிறது. உண்மையான ஆட்கள் உட்கார்ந்து செய்கிற புது இசையை எங்கே தேடுவது?
– வாசகி, தஞ்சாவூர்

அந்தச் சொல்லைத் தட்டுகிறவர்களில் பலருக்குத் தூக்கம்தான் வேண்டும். யூடியூபும் கேட்டதைக் கொடுக்கிறது. அதனால் வகைப் பெயரைத் தட்டும் பழக்கத்தை முதலில் விட்டுவிடுங்கள். ஏற்கெனவே பிடித்துப்போன ஏதாவது ஓர் ஆல்பத்தில் தொடங்கி, அதைச் சுற்றியிருக்கும் மனிதர்கள் வழியாக நகருங்கள்.

கலைஞர்களிடமிருந்தே இசையை வாங்க உதவும் பேண்ட்கேம்ப் தளத்தில் இது எளிது. ஆல்பத்தின் பக்கத்தைக் கணினியில் திறந்தால், அட்டைப் படத்தின் கீழே அதை வாங்கியவர்களின் சின்னச் சின்னப் படங்கள் தெரியும். சிலர் ஒரு வரி அபிப்பிராயமும் எழுதி வைத்திருப்பார்கள். எழுதியவர் ஒருவரின் படத்தைத் தட்டுங்கள். அவர் இதுவரை வாங்கிய ஆல்பங்கள் அத்தனையும் விரியும். அங்கே எண்ணிக்கையைக் கவனியுங்கள். ஐந்தாறு மட்டும் வைத்திருப்பவர் பெரும்பாலும் கலைஞரின் நண்பராக இருப்பார். ஐயாயிரம் வைத்திருப்பவர் எது வந்தாலும் வாங்குகிறவர். நூறிலிருந்து ஐந்நூறு வரை வைத்திருப்பவரிடம்தான் தேர்வு என்று ஒன்று இருக்கும். அந்தப் பட்டியலில் உங்களுக்குப் பிடித்தவை மூன்று இருந்தால் அவரைப் பின்தொடருங்கள். அடுத்து அவர் வாங்குவதெல்லாம் உங்கள் பக்கத்துக்கு வந்து சேரும்.

இரண்டாவது வழி லேபிள், அதாவது இசையை வெளியிடும் நிறுவனம். ஆல்பத்தை வெளியிட்ட லேபிளின் பக்கத்துக்குப் போய் மூன்று வெளியீடுகளைக் கேளுங்கள்: முதலாவது, நடுவில் ஒன்று, கடைசியாக வந்தது. மூன்றில் இரண்டு பிடித்தால் லேபிளைப் பின்தொடரலாம். மின்னஞ்சல் குவியும் என்று பயந்தால் அமைப்புகளில் அதை நிறுத்திவிட்டு, மாதம் ஒருமுறை நீங்களே போய்ப் பாருங்கள்.

மூன்றாவது வழி அதிகம் பேர் பயன்படுத்தாதது, ஆனால் பலன் தருவது: மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முன் ஒலியைக் கடைசியாகச் சீர்செய்யும் வேலை) செய்தவர் பெயர். ஆல்பக் குறிப்பின் கடைசி வரிகளில் இருக்கும். இந்த உலகத்தில் ரஷாத் பெக்கர், ஜுசெப்பே இயெலாசி, ஸ்டெஃபான் மாத்தியூ, டெய்லர் டுப்ரீ, லாரன்ஸ் இங்க்லிஷ் என்று சில பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். இவர்கள் எல்லோரும் இசைக் கலைஞர்களும்கூட. டுப்ரீ 1997 முதல் ‘12கே’ லேபிளையும், இங்க்லிஷ் 2000 முதல் பிரிஸ்பேனிலிருந்து ‘ரூம்40’ லேபிளையும் நடத்துகிறார்கள். நுணுக்கமாகக் கேட்கத் தெரிந்த ஒருவரிடம் தன் வேலையை ஒப்படைக்கிற கலைஞர், தானும் நுணுக்கம் பார்ப்பவராகவே இருப்பார். இசை வெளியீடுகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் தளத்தில் மாஸ்டரிங் செய்தவரின் பெயரைத் தட்டினால் அவர் கைப்பட்ட எல்லா வெளியீடுகளும் வரும். ஆண்டு வாரியாக அடுக்கி, புதியதிலிருந்து கீழே வாருங்கள்.

பேண்ட்கேம்ப் பக்கத்தின் அடியில் உள்ள குறிச்சொற்களில் கடைசியாகப் பெரும்பாலும் ஊர்ப் பெயர் இருக்கும். ‘ஆம்பியன்ட்’ என்ற குறிச்சொல் கடல், அதில் இறங்காதீர்கள். நைரோபி, மான்செஸ்டர், திபிலிசி என்று ஊரைத் தட்டுங்கள். வருவது குறைவாக இருக்கும், ஆனால் ஒரு வட்டாரமே கண்ணில் படும்.

எதையும் தட்ட மனமில்லாத நாளுக்கு இணைய வானொலி இருக்கிறது. லண்டனில் 2011-ல் தொடங்கிய ‘என்டிஎஸ்’ தன் நிகழ்ச்சிகளைப் பாடல் பட்டியலோடு சேமித்து வைக்கிறது. சான் பிரான்சிஸ்கோவின் ‘சோமா எஃப்எம்’ விளம்பரமே இல்லாமல் நேயர் நன்கொடையில் ஓடுகிறது. அதில் ‘ட்ரோன் ஸோன்’ என்ற அலைவரிசையைத் திறந்து வையுங்கள். 128 கேபிபிஎஸ் ஓடையில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 58 எம்பி டேட்டா செலவாகும்.

ஐந்தாறு ஆல்பங்கள் பெயர் சொல்லுங்கள். எந்த வரிசையில் கேட்பது?
– வாசகர், கோவை

முதலில் ஹிரோஷி யோஷிமுராவின் ‘மியூசிக் ஃபார் நைன் போஸ்ட் கார்ட்ஸ்’. 1982-ல் வந்தது, 2017-ல் ‘எம்பயர் ஆஃப் சைன்ஸ்’ லேபிள் மறுபடி வெளியிட்டது. தோக்கியோவின் ஹாரா அருங்காட்சியகத்தில் ஒலித்த இசை. மிகக் குறைந்த சுரங்கள், நிறைய இடைவெளி. புதிதாக வருகிறவர் காது இதில் பழகுவதுபோல வேறெதிலும் பழகுவதில்லை என்பது எங்கள் கணிப்பு.

அடுத்து ஹுவெர்கோ எஸ். என்ற அமெரிக்கர் 2016-ல் ‘ப்ரோயிபிட்டோ’ லேபிளில் வெளியிட்ட ‘ஃபார் தோஸ் ஆஃப் யூ ஹூ ஹேவ் நெவர்’. தலைப்பு இன்னும் நீளம், தேட இவ்வளவு போதும். நடன இசை செய்துகொண்டிருந்தவர் தாளத்தை உருவிவிட்டு மிச்சத்தை மட்டும் சுற்றவிட்டிருக்கிறார். சில டிராக்குகள் சட்டென்று அறுபடும். கோப்பு கெட்டுவிட்டது என்று திரும்ப இறக்காதீர்கள். கடந்த பத்தாண்டில் வந்த பல சின்ன லேபிள்களுக்கு இது ஒரு வழியைத் திறந்துவிட்டது. அவருடைய சொந்த லேபிள் ‘வெஸ்ட் மினரல்’. அங்கே பான்டியாக் ஸ்ட்ரீட்டரோடு சேர்ந்து இசைத்த உல்லா, 2020-ல் ‘எக்ஸ்பீரியன்சஸ்’ லேபிளில் ‘டம்ப்ளிங் டுவர்ட்ஸ் எ வால்’ என்ற ஆல்பத்தைத் தந்தார். தூசு படிந்த மாதிரி ஒலிக்கும், ஆனால் ஒவ்வொரு துகளும் இடம் பார்த்து வைக்கப்பட்டது. மான்செஸ்டரின் ‘ஸ்ஃபெரிக்’ லேபிளில் ஸ்பேஸ் ஆஃப்ரிக்கா 2018-ல் தந்த ‘சம்வேர் டீசன்ட் டு லிவ்’ இதற்குப் பக்கத்து வீடு.

பிறகு ஆப்பிரிக்காவுக்குப் போங்கள். கே.எம்.ஆர்.யு. என்ற பெயரில் இசைக்கும் நைரோபிக்காரர் ஜோசப் கமாருவின் ‘பீல்’, 2020, வியன்னாவின் ‘எடிஷன்ஸ் மெகோ’. களத்தில் பதிவு செய்த ஒலிகளை அடையாளம் தெரியாத அளவுக்கு மெதுவாக்கி அடுக்கியிருக்கிறார். ஆறே டிராக்குகள், ஒரு மணி நேரத்துக்கு மேல்.

காலி மலோனின் ‘தி சாக்ரிஃபிஷியல் கோட்’ (2019) கடைசியில் வரட்டும். குழாய் ஆர்கன் மட்டும்தான், அதுவும் மைக்கைக் குழாய்களுக்கு மிக நெருக்கமாக வைத்துத் தேவாலய எதிரொலியை விலக்கிய பதிவு. முதல் பத்து நிமிடம் ‘எதுவுமே நடக்கவில்லையே’ என்றிருக்கும். உள்ளே ஓடும் சுர வரிசைகள் ஒன்றையொன்று துரத்துவது அதன்பின் பிடிபடும்.

எதிரொலி வேண்டுமென்றால் நேர்மாறானது ஒன்று: பாலின் ஒலிவெரோஸும் இரு நண்பர்களும் 1988-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பழைய ராணுவ நிலத்தடித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிப் பதிவு செய்த ‘டீப் லிசனிங்’. சுமார் 75 லட்சம் லிட்டர் கொள்ளளவு, காலியாக இருந்தது. ஒரு சுரம் ஒலித்து அடங்க ஏறத்தாழ 45 விநாடி. அக்கார்டியனும் டிராம்போனும் மனிதக் குரலும்தான் அதில் முக்கியம். கேட்பவர்கள் சின்தசைசர் என்று சத்தியம் செய்வார்கள்.

பாட்டும் இல்லை, தாளமும் இல்லை. இதெல்லாம் இசையா சார்?
– வாசகர், கும்பகோணம்

கச்சேரி தொடங்குமுன் தம்பூராவின் குதிரைமேல் ஜீவா நூலை இப்படியும் அப்படியும் நகர்த்தி, ஒரே தந்தியிலிருந்து மேல்சுரங்கள் பூத்து வரும் இடத்தைத் தேடுவார்களே, அந்த ஐந்து நிமிடத்தை ரசிக்கத் தெரிந்தவருக்கு இந்தக் கேள்வி வராது. இந்த இசையின் கதையும் அங்கே கொஞ்சம் போய்ச் சேர்கிறது. இந்துஸ்தானி இசையின் கிரானா கரானாவைச் சேர்ந்த பண்டிட் பிரான் நாத் 1970-ல் அமெரிக்கா போனார். மேற்கில் நீண்ட சுர இசையின் முன்னோடிகளான லா மான்டே யங்கும் டெரி ரைலியும் அவரிடம் சீடர்களாக உட்கார்ந்து தம்பூரா மீட்டினார்கள்.

பேண்ட்கேம்ப்பில் வாங்கப் போனால் கார்டு நிராகரிக்கப்படுகிறது. கொடுக்கிற பணத்தில் கலைஞருக்கு எவ்வளவு போகிறது?
– வாசகி, சென்னை

கார்டு மறுக்கப்பட மூன்று காரணங்கள் உண்டு. 2020 மார்ச் 16-க்குப் பிறகு வழங்கப்பட்ட கார்டுகளில், ரிசர்வ் வங்கி விதிப்படி, வெளிநாட்டுப் பரிவர்த்தனையும் ஆன்லைன் பரிவர்த்தனையும் தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். வங்கிச் செயலியில் கார்டு அமைப்புகளுக்குப் போய் இரண்டையும் தனித்தனியாக இயக்கி, வரம்பை இரண்டாயிரம் ரூபாய் போலக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, ரூபே கார்டு பெரும்பாலும் எடுபடாது. விசா அல்லது மாஸ்டர்கார்டு வேண்டும். மூன்றாவது, வெளிநாட்டுத் தளங்கள் ஓடிபி கேட்காமலே பணம் எடுக்க முயலும். சில வங்கிகள் அதைச் சந்தேகப்பட்டு நிறுத்திவிடுகின்றன. அப்போது பேபால் வழியாக முயலுங்கள். 2021 ஏப்ரலில் பேபால் நிறுத்தியது இந்தியாவுக்குள்ளான பரிவர்த்தனைகளை மட்டும்தான். வெளிநாட்டுக்குச் செலுத்த இன்னும் பயன்படுகிறது. டாலராக மாற்றும்போது வங்கி தன் பங்காகப் பொதுவாக 2 முதல் 3.5 சதவீதம் சேர்க்கும், அந்தக் கூடுதலின் மேல் ஜிஎஸ்டியும் வரும்.

டிஜிட்டல் விற்பனையில் பேண்ட்கேம்ப் 15 சதவீதம் எடுக்கிறது. விற்பனை 5,000 டாலரைத் தாண்டிய கணக்குகளுக்கு அது 10 சதவீதமாகிறது. பணப் பரிமாற்றக் கட்டணமும் போக, சராசரியாக 82 சதவீதம் கலைஞருக்கோ லேபிளுக்கோ சேர்வதாகத் தளம் சொல்கிறது. ஏழு டாலர் ஆல்பத்தில் ஐந்தே முக்கால் டாலர் போல. ஒரு டாலர் டிராக்குகளாகத் தனித்தனியே வாங்காதீர்கள். பரிமாற்றக் கட்டணத்தில் மாறாத ஒரு பகுதி இருப்பதால் சின்னத் தொகைகளில் அது பெரிதாகக் கடிக்கும். ஆல்பமாக வாங்குங்கள்.

2020 மார்ச்சில் ஊரடங்கையொட்டித் தொடங்கிய ‘பேண்ட்கேம்ப் ஃப்ரைடே’ நாள்களில் தளம் தன் பங்கை விட்டுக்கொடுக்கிறது. அமெரிக்கப் பசிபிக் நேரப்படி ஒரு முழு நாள் அது. நமக்கு வெள்ளி பகல் 12.30-க்குத் தொடங்கிச் சனி பகல் 12.30 வரை, அவர்களுடைய குளிர்கால நேரத்தில் 1.30. வெள்ளி காலையிலேயே வாங்கிவிட்டுக் கலைஞருக்கு முழுசாகப் போயிற்று என்று நினைப்பவர்கள் நிறைய பேர்.

‘விலையை நீங்களே சொல்லுங்கள்’ என்றிருக்கும் ஆல்பத்தில் பூஜ்யம் போட்டும் எடுக்கலாம். ஆனால் கலைஞருக்கு மாதம் 200 இலவச இறக்கங்கள்தான் ஒதுக்கீடு. கேட்டுப் பார்க்கத் தளத்திலேயே ஓடவிடுங்கள், பிடித்தால் ஒரு தொகை போட்டு இறக்குங்கள்.

இறக்கியே தீருங்கள் என்பதையும் சொல்லவேண்டும். இந்தத் தளம் 2022-ல் எபிக் கேம்ஸ் கைக்கும், 2023-ல் சாங்ட்ராடர் கைக்கும் மாறியது. இரண்டாவது கைமாற்றத்தில் ஊழியர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வேலை இழந்தார்கள். வாங்கியது தளத்தில் பத்திரமாக இருக்கும் என்று விட்டுவைக்காமல் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைத் தனி ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள்.

எந்த ஃபார்மேட்டில் இறக்குவது? எம்பி3-ல் ஒரு டிராக் முடிந்து அடுத்தது தொடங்கும்போது ஒரு ‘டிக்’ கேட்கிறது.
– வாசகர், திருநெல்வேலி

இந்த வகை இசைக்கு, ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் ஃப்ளாக்தான் எங்கள் சிபாரிசு, காரணம் அந்த ‘டிக்’கேதான். எம்பி3 ஒலியைச் சட்டகங்களாக வெட்டி அடைக்கிறது. ஒரு சட்டகம் 1,152 சாம்பிள் (ஒலியின் அளவெடுப்புகள்), சிடி தரத்தில் சுமார் 26 மில்லிசெகண்ட். டிராக்கின் நீளம் சட்டகத்தில் சரியாக வகுபடாதபோது கடைசியில் மௌனம் சேர்த்து நிரப்பப்படும், தொடக்கத்திலும் கொஞ்சம் சேரும். எவ்வளவு சேர்ந்தது என்ற தகவல் கோப்பின் தலைப்பில் இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்த ப்ளேயர் வெட்டிவிட்டு ஒட்டும், தெரியாதது மௌனத்தையும் சேர்த்து வாசிக்கும். சினிமாப் பாட்டில் இது யாருக்கும் தெரியாது. ஒரு ட்ரோன் (விடாமல் நீளும் சுரம்) நான்கு டிராக்காகப் பிரிந்து இடைவெளியின்றி ஓடும்போது சட்டையில் கிழிசல் மாதிரி தெரியும். ஃப்ளாக்கில் இந்தச் சிக்கல் கிடையாது. கணினியில் ஃபூபார்2000, ஆண்ட்ராய்டில் அதே ஃபூபார்2000 அல்லது பவர்ஆம்ப் இடைவெளியின்றி வாசிக்கும்.

அளவு: ஒரு மணி நேர ஸ்டீரியோ, சிடி தரத்தில் சுருக்காத வேவ் கோப்பாக 635 எம்பி. எம்பி3 320 கேபிபிஎஸ் என்றால் 144 எம்பி. ஃப்ளாக் எவ்வளவு என்பது இசையைப் பொறுத்தது. மென்மையான கீபோர்டு இசை நன்றாகச் சுருங்கும். டேப் இரைச்சல் நிறைந்தது சுருங்க மறுக்கும், ஏனென்றால் இரைச்சலில் அடுத்து என்ன வரும் என்று கணிக்க எதுவும் இல்லை. குறைந்த பிட்ரேட்டில் (விநாடிக்கான தரவு அளவு) முதலில் கெடுவதும் அதே இரைச்சலும் எதிரொலியின் வாலும்தான். தண்ணீருக்குள் சுழல்வதுபோல் ஒரு குழைவு கேட்டால் குற்றவாளி அதுவே.

ஒரு எச்சரிக்கை. யூடியூபிலிருந்து உருவியதை ஃப்ளாக் என்று பெயர் மாற்றி உலவவிடுகிறார்கள். ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் கோப்பைப் போட்டால் படம் 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியது போல நின்றுவிடும். ஆனால் ஆம்பியன்ட்டில் அதை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதக் கூடாது. பழைய டேப்பில் செய்தவற்றில் அந்த உயரத்தில் இயல்பாகவே ஒன்றும் இருக்காது. அப்போது வெட்டு கூராக இல்லாமல் சரிவாக மங்கும்.

ப்ளேயரில் கிராஸ்ஃபேடையும் (ஒரு டிராக்கின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலப்பது) ஷஃபிளையும் அணையுங்கள். ஒலி அளவைச் சமன்செய்யும் ரீப்ளேகெய்ன் இருந்தால் ‘டிராக்’ என்பதை ‘ஆல்பம்’ என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் வேண்டுமென்றே மெல்லியதாக வைத்த டிராக்கை அது தூக்கி நிறுத்திவிடும்.

வீட்டில் ஃபேன் சத்தம், வெளியே ஹாரன். இந்த இசையை எவ்வளவு வால்யூமில் கேட்பது? ப்ளூடூத் ஸ்பீக்கர் போதுமா?
– வாசகர், மதுரை

ஃபேனோடு சண்டை போடாதீர்கள். 1975-ல் விபத்தில் அடிபட்டுப் படுத்திருந்த இசைக் கலைஞர் பிரையன் ஈனோவுக்கு ஒரு தோழி யாழிசைத் தட்டைக் கொண்டுவந்தார். அதைப் போட்டுவிட்டுப் படுத்தபின்தான் வால்யூம் மிகக் குறைவு, ஒரு பக்க ஸ்பீக்கரும் ஓடவில்லை என்று தெரிந்தது. எழுந்து சரிசெய்யத் தெம்பில்லை. மழைச் சத்தத்தினூடே அங்கங்கே எட்டிப் பார்த்த அந்த இசைதான் ‘ஆம்பியன்ட்’ என்ற எண்ணத்துக்கே தொடக்கம் என்று அவர் பதிவு செய்திருக்கிறார். யோஷிமுரா மாதிரியானவற்றுக்கு ஃபேன் இரைச்சலுக்கு மேலே லேசாகத் தலைகாட்டும் அளவு வால்யூம் போதும்.

பெர்லினின் ‘செயின் ரியாக்ஷன்’ லேபிள் வெளியிட்ட வகை டப் டெக்னோவுக்கு (எதிரொலியும் பாஸும் நிறைந்த நடன இசை) இது ஒத்துவராது. போர்ட்டர் ரிக்ஸின் ‘பயோகைனெடிக்ஸ்’ (1996) போன்றவற்றில் விஷயமே கீழ் அதிர்வில்தான் இருக்கிறது. வால்யூம் குறையும்போது மனிதக் காது முதலில் இழப்பது பாஸை. போன் ஸ்பீக்கரோ 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. அதில் கேட்டுவிட்டு ‘வெறும் உஸ்ஸென்று இருக்கிறது’ என்றால், ஆல்பத்தின் பாதியைக் கேட்கவில்லை என்று பொருள். காதுக்குள் செருகும் இயர்போனில் ரப்பர் சரியாக அடைக்காவிட்டாலும் இதே கதி. பெட்டியில் உள்ள மற்ற அளவுகளையும் போட்டுப் பாருங்கள்.

ஒற்றை ப்ளூடூத் ஸ்பீக்கரில் வேறொரு சிக்கல். பல மாடல்கள் இடது, வலது இரண்டையும் கூட்டி ஒன்றாக்கிவிடும். ஒலியை அகலமாக்க இரு பக்கமும் நேரெதிர் அலைகளாக வைத்த பகுதிகள் கூட்டும்போது ஒன்றையொன்று தின்றுவிடும். போனின் அணுகல்தன்மை அமைப்பில் ‘மோனோ ஆடியோ’வை இயக்கி இயர்போனில் கேட்டுப் பாருங்கள். எது காணாமல் போகிறதோ அது உங்கள் ஸ்பீக்கரிலும் இருக்காது. ஆயிரம் ரூபாய் வயர் இயர்போன் இந்த இசைக்கு அந்த ஸ்பீக்கரைவிட மேல். இரண்டு ஸ்பீக்கர் இருந்தால் காது உயரத்தில், உங்களுக்குச் சம தூரத்தில் வையுங்கள். அறை மூலையில் மட்டும் திணிக்காதீர்கள், பாஸ் வீங்கும்.

ஏஐ செய்த இசையையும் போலிக் கலைஞர்களையும் எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, புதுச்சேரி

பெரும் ஸ்ட்ரீமிங் தளங்களின் ‘ரிலாக்ஸ்’, ‘ஃபோகஸ்’ ப்ளேலிஸ்ட்டுகளில்தான் இவை அதிகம் தங்குகின்றன, காரணம் கணக்கு. ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால் ஒரு ஸ்ட்ரீம். இரண்டு நிமிடத் துண்டுக்கும் நாற்பது நிமிட ஆல்பத்தையே ஒரு டிராக்காக வைத்தவருக்கும் அதே ஒன்று. 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் ஸ்ட்ரீம் தொடாத டிராக்குக்குப் பணமே கிடையாது. ஆக, நீளமாகவும் சிலருக்காகவும் செய்பவர் தோற்பார். துண்டு துண்டாகக் குவிப்பவர் ஜெயிப்பார்.

பார்க்கவேண்டிய அடையாளங்கள்: வாரம் ஓர் ஆல்பம், எல்லா டிராக்கும் இரண்டரை நிமிடத்துக்குள், மூடுபனி மலை அட்டை, லேபிள், மாஸ்டரிங், கருவி பற்றி ஒரு வரிகூட இல்லை, டிஸ்காக்ஸிலும் வானொலிப் பட்டியல்களிலும் பெயர் இல்லை, எங்கும் மேடை ஏறியதில்லை. இவற்றில் ஒன்றிரண்டை வைத்து முடிவு கட்டாதீர்கள். நேற்றுத் தொடங்கிய பத்தொன்பது வயதுப் பையனுக்கும் டிஸ்காக்ஸில் பெயர் இருக்காது. நாலைந்து சேர்ந்து வந்தால் நகர்ந்துவிடுங்கள். ஒலியை மட்டும் கேட்டுக் கண்டுபிடிப்பேன் என்பவரை நாங்கள் நம்புவதில்லை.

குறும்படம் எடுக்கிறேன். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆம்பியன்ட்டைப் பின்னணியில் போடலாமா?
– வாசகர், திருச்சி

இலவசமாகக் கேட்கலாம் என்பதும் படத்தில் போடலாம் என்பதும் வேறு வேறு. இன்டர்நெட் ஆர்க்கைவின் ஆடியோப் பிரிவில் ‘நெட்லேபிள்ஸ்’ (இணையத்தில் வெளியிடும் லேபிள்கள்) என்ற பெரிய தொகுப்பு இருக்கிறது. மோனோடோனிக், காவி, எனஃப் ரெக்கார்ட்ஸ் என்று பல லேபிள்கள் முழு ஆல்பங்களையும் அங்கே இலவசமாக வைத்திருக்கின்றன. வலப்பக்க இறக்கப் பட்டியலில் ஃப்ளாக் இருந்தால் அதை எடுங்கள்.

ஆனால் பக்கத்தில் உள்ள கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தை (மற்றவர் பயன்படுத்தக் கலைஞர் முன்கூட்டியே தரும் அனுமதி) படியுங்கள். பெயர் சொன்னால் போதும் என்பது மட்டும் இருந்தால் தாராளமாகப் போடலாம். ‘வணிகமற்ற’ என்றிருந்தால் விளம்பர வருமானம் வரும் சேனலில் போடக் கூடாது. ‘மாற்றக் கூடாது’ என்றிருந்தால் படத்திலேயே போடக் கூடாது. இசையை நகரும் காட்சியோடு பொருத்துவதையே இந்த உரிமங்கள் மாற்றமாகக் கருதுகின்றன. ‘அதேபோல் பகிர’ என்றிருந்தால் உங்கள் படத்தையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டிவரும். நெட்லேபிள்களில் வணிகமற்ற, மாற்றக் கூடாத வகைதான் அதிகம். பேண்ட்கேம்ப்பில் காசு கொடுத்து வாங்கியதும் கேட்பதற்கான உரிமை மட்டுமே.

நேராகக் கலைஞருக்கு எழுதுங்கள். படத்தின் நீளம், எந்த டிராக்கின் எத்தனையாவது நிமிடத்திலிருந்து எத்தனை விநாடி, எங்கெல்லாம் திரையிடுவீர்கள், வருமானம் உண்டா, எவ்வளவு தரமுடியும், பெயரை எப்படிப் போடவேண்டும் என்று ஒரே மடலில் கேட்டுவிடுங்கள். சின்னக் கலைஞர்கள் பலர் ஒப்புக்கொள்வார்கள். சம்மதம் எழுத்தில் வந்ததும் இன்னொன்றும் கேளுங்கள்: அவருடைய விநியோகஸ்தர் இசையை, உரிமையுள்ள இசையைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் பதிவு செய்திருக்கிறாரா? இருந்தால் உங்கள் சேனலுக்கு விலக்கு வாங்கித்தரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கலைஞர் சம்மதித்த பிறகும் தானியங்கி உரிமைக் கோரல் வந்து நிற்கும்.

இந்தியாவில் இதற்கு முன்னோடிகள் உண்டா?
– வாசகி, ஈரோடு

உண்டு, நாம் நினைப்பதைவிட முன்னால். அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் 1969-ல் மூக் சின்தசைசர் வந்திறங்கியது. அமெரிக்க இசைக் கலைஞர் டேவிட் டியூடர் அதை நிறுவ உதவினார். கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அங்கே செய்தவை நாடாக்களில் தூங்கிக்கொண்டிருந்தன. பால் பர்கஸ் தேடியெடுத்துத் தொகுத்ததால் 2023-ல் ‘தி என்ஐடி டேப்ஸ்’ என்று வெளிவந்தன. சரண்ஜித் சிங் 1982-ல் ராகங்களை ரோலண்ட் டிபி-303, டிஆர்-808 கருவிகளில் வாசித்த தட்டு 2010-ல் மறுபதிப்பான பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அது ஆம்பியன்ட் அல்ல, ஆட்டம். இப்போதையவரில் ஆருஷி ஜெயின்: மாடுலர் சின்தசைசரும் (தனித்தனிப் பகுதிகளை இணைத்து ஒலி உருவாக்கும் கருவி) இந்துஸ்தானிக் குரலும். ‘அண்டர் தி லைலாக் ஸ்கை’, 2021, ‘லீவிங் ரெக்கார்ட்ஸ்’. மாலையில் கேட்கவென்றே செய்தது.

இந்த லேபிள்கள் ஏன் இன்னும் கேசட் போடுகின்றன? வாங்கலாமா?
– வாசகர், நாகர்கோவில்

கேசட் என்றால் ஐம்பது மட்டும்கூடப் போடலாம். வினைல் என்றால் சில நூறாவது போட்டால்தான் கட்டும், மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம் ஓடுவதும் நீண்ட டிராக்குக்குத் தோது. இங்கிருந்து வாங்கும்போது தபால் செலவு கேசட் விலையைத் தாண்டிவிடும், சுங்கவரியும் வரலாம். கேசட்டோடு டிஜிட்டல் கோப்பும் பொதுவாகச் சேர்ந்தே வருவதால், பலருக்கு டிஜிட்டல் மட்டும் போதும்.

வாங்கியே தீருவது என்றால், பரணிலிருந்து இறக்கிய பழைய டெக்கில் உடனே போடாதீர்கள். ரப்பர் பெல்ட் தளர்ந்திருந்தால் சுருதி ஆடும். ட்ரோன் இசையில் அந்த ஆட்டம் முழுசாகக் காட்டிக்கொடுக்கும். கெட்டியாகிப் போன பின்ச் ரோலர் (நாடாவை அழுத்தி நகர்த்தும் ரப்பர் உருளை) நாடாவையே இழுத்துச் சுற்றிவிடும். தேவையில்லாத பழைய கேசட் ஒன்றை இரண்டு பக்கமும் ஓடவிட்டுச் சோதியுங்கள். பிறகு ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் ஹெட்டைத் துடைத்து, காய்ந்தபின் புதியதைப் போடுங்கள்.